நனையாத கிணறு

ஏர்ஜெட் தறி ஓடும்போது ஊடை நூலை, அதாவது துணியில் குறுக்கே ஓடும் நூலை, கண்ணால் பார்க்க முடியாது. நான் நாடாத் தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். அந்தத் தறியில் ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவது தெரியும். பார்க்காவிட்டாலும் காது சொல்லிவிடும். ஏர்ஜெட்டில் நாடாவே கிடையாது. நூலைக் காற்று கொண்டுபோகிறது. மெயின் நாசில் என்கிற ஊதுகுழல் அனுப்பும் நூலை, வழிநெடுக நிற்கும் சப் நாசில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதி அடுத்த கோடியில் சேர்க்கும். நிமிடத்துக்கு 600 ஊடை ஓடுகிற தறி என்றால் வினாடிக்குப் பத்து. ஒரு ஊடை குறுக்கே போய்ச் சேர ஆகும் நேரம் அந்தப் பத்தில் ஒரு வினாடியிலும் பாதிக்குக் கீழே. எந்த நாசில் முந்துகிறது, எது பிந்துகிறது என்று கண்டுபிடிக்க ஸ்ட்ரோப் லைட்டைத்தான் எடுக்க வேண்டும். தறி சுற்றும் கணக்குக்கு ஒத்து விட்டுவிட்டு மின்னும் விளக்கு அது. ஒவ்வொரு முறை வெளிச்சம் விழும்போதும் நூல் அதே இடத்தில் இருப்பதால், நூல் அந்தரத்தில் நின்றுவிட்டது போலத் தெரியும். எட்டு வருடமாக நான் பார்க்கிற வேலை இது. அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

2023 நவம்பரில் எங்கள் மில்லுக்குப் புதிதாக வந்த தறிகளுக்காக என்னையும் எலெக்ட்ரீசியன் அண்ணனையும் பத்து நாள் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஊர் கனசாவா. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். ஜப்பான் கடலோரம் இருக்கிற இஷிகாவா மாகாணத்தின் தலைநகர். இஷிகாவாவும் பக்கத்து ஃபுக்குயியும் செயற்கை இழைத் துணிக்குப் பேர்போன பகுதிகள், தறி எந்திரமும் அங்கேயே செய்கிறார்கள். ஆக, பல்லடத்துக்காரன் ஒருவன் அந்த ஊரில் போய் இறங்கினால் அந்நியமாக உணரக் காரணமே இல்லை. நூல் வாசனை உலகம் முழுக்க ஒன்றுதான். சாப்பாடு மட்டும்தான் கொஞ்சம் இழுபறி. அதிலும் ஓர் ஆறுதல் கிடைத்தது. அந்த ஊருக்கென்று ஒரு கறிக் குழம்புச் சோறு இருக்கிறது. கறுப்பாகக் கெட்டியாக இருக்கும் குழம்பு, மேலே பொரித்த கட்லெட், ஓரத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ். இதை எவர்சில்வர் தட்டில் வைத்து முள்கரண்டியோடு கொடுக்கிறார்கள். எவர்சில்வர் தட்டைப் பார்த்ததும் அண்ணன், "அப்பாடா, மனுசன் திங்கற தட்டு" என்றார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலம், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்து, "மருபீ, மருபீ" என்றார். ஏதோ பேரிங் படம் என்றுதான் முதலில் நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் வெள்ளியோடு போய்விட்டிருந்தார். கைப்பேசியிடம் கேட்டதில், அது அந்த ஊர்ச் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குச் செல்லப் பெயராம். 'மரு' என்றால் வட்டம். முழுப் பெயர் கனசாவா 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குடையும் வரைந்து, அதன்கீழ் அழுத்திக் கோடு போட்டார். சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. நாங்கள் குடையை மறந்தோம்.

முதலில் போனது கென்ரோகுயென் தோட்டத்துக்கு. அண்ணனுக்கு அதுதான் பிடித்தது. பனிக்காலம் வருவதற்கு முன்னால், நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி, அங்குள்ள பைன் மரங்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். மரத்துக்கு நடுவே உயரமான மூங்கில் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு இறக்கி இழுத்துக் கட்டுவார்கள். அந்த ஊர்ப் பனி ஈரமானது, கனம் அதிகம். கிளை முறியாமல் இருக்க இந்த ஏற்பாடு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு கூம்பு. பக்கத்தில் போனால் கயிறுகள் ஒரே இழுவிசையில், ஒன்றுகூடத் தொய்யாமல் நிற்கின்றன. அண்ணன் அண்ணாந்து பார்த்தபடியே, "பாவு ஓட்டுன மாதிரியே இருக்குது தம்பி. ஒரு இழை லூசு இல்ல பாரு" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. பாவு என்கிற நீளவாட்டு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங்காரர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டும்.

தோட்டத்தை விட்டு இறங்கும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் கிமோனோத் துணி விரித்து வைத்திருந்தார்கள். காகா யூசென் என்கிற சாயச் சித்திர வேலை, கனசாவாவின் சொத்து. அவுரி நீலம், அடர் சிவப்பு, காவி மஞ்சள், புல் பச்சை, பழைய ஊதா என்று ஐந்து நிறங்களை வைத்துக்கொண்டு பூவும் இலையும் கையால் வரைகிறார்கள். முன்பெல்லாம் சாயமிட்ட துணியை ஊர் நடுவே ஓடும் ஆற்றில்தான் அலசுவார்களாம். சாயமும் ஆறும் என்றதும் திருப்பூர்ப் பக்கத்து ஆளுக்கு மனசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, அதை விடுவோம். நான் சொல்ல வந்தது அந்த இலையைப் பற்றி. ஒரு இலையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பொத்தல், அதைச் சுற்றிப் பழுப்பு. உள்ளே இன்னும் இரண்டு புள்ளி. என் கண் அங்கேயே போய் நின்றது. துணி பார்க்கிறவன் கண் அப்படித்தான். நூறு மீட்டர் சுத்தமாக இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் குறையில்தான் போய் உட்காரும். கறை, அல்லது சாயம் ஒட்டாத இடம், இந்தப் பீஸை எப்படிக் கண்ணாடியில் வைத்தார்கள் என்று யோசித்தேன். கடைக்கார அம்மா வெளியே வந்து, விரலால் புழு நெளிவது மாதிரி காட்டிச் சிரித்தார். பூச்சி அரித்த இலை. அதை அப்படியேதான் வரைகிறார்கள், இந்த வேலையின் அடையாளமே அதுதான். எங்கள் மில்லாக இருந்தால் செக்கிங் டேபிளில் அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி 'டேமேஜ்' பக்கம் தள்ளியிருப்பேன். தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாலையைத் தாண்டி ஓடினால் எதிரே அருங்காட்சியகம்.

கட்டடத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. 112.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு, சுற்றிலும் கண்ணாடிச் சுவர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது வாசல் பக்கம்தான். கசுயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா என்ற இரண்டு பேர் சேர்ந்து வடிவமைத்தது. 2004 அக்டோபரில் திறந்தார்கள். 2010இல் இருவருக்கும் சேர்த்துப் பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள், கட்டடக் கலையில் அதற்குமேல் பரிசில்லை. பழைய பள்ளிக்கூட வளாகம் இருந்த இடமாம். நகரத்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இங்கே அழைத்துவந்து காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. வட்டத்தின் வெளிச்சுற்றில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம், உட்காரலாம். உள்ளே சதுரமும் செவ்வகமுமாகத் தனித்தனி அறைகள், 4 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை ஆளுக்கொரு உயரம். அங்கே போகத்தான் டிக்கெட். மூத்தவர் வரைந்த பேரிங் படம் அச்சு அசலாகச் சரி.

வெளிச்சுற்றில் ஒரு நீண்ட சுவர் முழுக்கப் பூ. தைவான் ஓவியர் மைக்கேல் லின் வரைந்தது. சற்று முன் பார்த்த காகா யூசென் பூக்களையே சுவர் அளவுக்குப் பெருக்கிப் போட்டிருக்கிறார். எதிரே அதே பூப் போட்ட ஆடும் நாற்காலிகள். அண்ணன் ஒன்றில் உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, உள்ள என்னதான் இருக்குதுன்னு இத்தன சனம்?"

"தெரியலீங்கண்ணா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப நீ போய்ட்டு வா. எனக்கு இந்தச் சேர் போதும்."

கால்மணி நேரத்தில் அவர் தூங்கிவிட்டார் என்பதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த இடத்துக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் நீச்சல் குளத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். குளத்துக்குக் கீழே இறங்க முறை வைத்திருக்கிறார்கள். என் முறைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அதற்குள் மற்ற அறைகளைச் சுற்றினேன். பலவற்றில் திரையும் கணினியுமாக ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. அவற்றைப் பற்றி எழுதுமளவுக்கு எனக்குப் புரியவில்லை. பாசாங்கு செய்ய விருப்பமும் இல்லை.

ஒரு அறை மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. கான்கிரீட்டால் ஆன சாய்வான ஒரு சுவர், அதன் நடுவே ஆளைவிடப் பெரிய ஒரு கரிய நீள்வட்டம். வேறு ஒன்றுமில்லை. மும்பையில் 1954இல் பிறந்து லண்டனில் வாழும் அனீஷ் கபூர் செய்தது. உள்ளே வந்த ஒரு வயதான தம்பதி அதன் முன்னால் நின்று ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது: அது ஓட்டையா, பெயின்டா? நானும் அதே கேள்வியோடுதான் நின்றேன். இடப்பக்கம் போனேன், வலப்பக்கம் போனேன், ஒரு கண்ணை மூடினேன், குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சமயம் சுவர்மேல் ஒட்டின தாள் மாதிரி தட்டை. ஒரு சமயம் உள்ளே இறங்கிப் போகிற குகை. ஒரு சமயம் வெளியே புடைத்து வருகிற மாதிரிகூட இருந்தது. பாக்கெட்டில் டேப் இருந்திருந்தால் கை தானாக நீட்டி அளந்திருக்கும். மூலையில் நின்ற காவல்காரப் பெண்ணிடம் கையைக் குழித்தும் தட்டையாகவும் காட்டி 'எது?' என்று கேட்டேன். அவர் மரியாதையாகக் குனிந்தார், சொல்லவில்லை. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அது குழிவுதான், உள்ளே முழுக்க அடர் நீல நிறமி பூசியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கோலப்பொடிக் கடையில் நீலக் குவியலை உற்றுப் பார்த்தால் கண் பிடிமானம் இல்லாமல் உள்ளே போகுமே, அதே சங்கதி. பளபளப்பில்லாத அடர் நிறப் பொடி வெளிச்சத்தை அதிகம் திருப்பிக் கொடுக்காது. திருப்பிக் கொடுக்காவிட்டால் ஆழம் தெரியாது. தெரிந்துகொண்டபின், சரி, அவ்வளவுதானே என்று தோன்றிவிட்டது. பெரிய பெயர் உள்ளவர், நம்மூரில் பிறந்தவர், அதற்காக ஒரு புள்ளி கூட்டிப் போட முடியாது. வித்தையை மறைத்து வைத்தால்தான் நிற்கும் என்றால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

என் முறை வந்தது. படியிறங்கிப் போனேன்.

லியாண்ட்ரோ எர்லிக் என்ற அர்ஜென்டினாக்காரர், கட்டடம் கட்டும்போதே, 2004இல், செய்து வைத்தது இந்தக் குளம். அதன் சூட்சுமத்தை யாரும் மறைக்கவில்லை, கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். முற்றத்தில் கல் விளிம்பு வைத்து, இறங்குவதற்கு ஏணி வைத்து, அசல் நீச்சல் குளம் மாதிரி அமைத்திருக்கிறது. ஆனால் தண்ணீர் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அது ஒரு கண்ணாடியின்மேல் நிற்கிறது. கண்ணாடிக்குக் கீழே, வெளிர் நீலம் பூசிய காலி அறை. மேலே இருப்பவர் குனிந்து பார்த்தால் குளத்தின் அடியில் ஆட்கள் உடுத்த துணியோடு நடக்கிறார்கள். கீழே இருப்பவர் அண்ணாந்தால் தண்ணீருக்கு மேலே உலகம் நெளிகிறது. மொத்த வரைபடமும் இவ்வளவுதான். எங்கள் வெல்டரிடம் தாளில் போட்டுக் கொடுத்தால், கசிவுக்கு என்ன பீடிங் வைப்பது என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்.

நான் உள்ளே போனதும் முதலில் செய்ததும் அதுதான். கண்ணாடி எங்கே சுவரோடு சேர்கிறது, சீல் எப்படி, எங்காவது சொட்டின தடம் உண்டா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் அண்ணாந்தேன்.

மழை பெய்யும்போது மேல் முற்றத்தை மூடிவிடுவார்கள். அதனால் விளிம்பில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. ஒரு துளி விழுந்தால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதன் நிழல் என் கைமேலும் சட்டைமேலும் நீலச் சுவர்மேலும் ஓடியது. சத்தம் கேட்கவில்லை. மழை பெய்வதைச் சத்தமில்லாமல், அடியிலிருந்து, நனையாமல் பார்க்கிறேன்.

இதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பெரியப்பா குடும்பத்தோடு சேர்ந்த பங்குக் கிணறு ஒன்று உண்டு. கொங்குப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை உறை இறக்கிய வட்டக் கிணறுகள் அல்ல. பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறுகள், ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம். பக்கவாட்டில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஏழு வயதில் அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டி உள்ளே தள்ளிவிட்டார். குடுக்கை இல்லாமல் நீந்த வந்தபிறகு எங்களுக்குள் ஒரு போட்டி: அடியில் மூச்சடக்கி உட்கார்ந்து யார் அதிக நேரம் மேலே பார்ப்பது. ஒரு முறை அப்படி உட்கார்ந்திருக்கும்போது மழை வந்தது. மேலே வட்டம் வட்டமாக. அதற்கு மேலே, படிக்கல்லில் நின்ற அப்பா நெளிந்து நெளிந்து உடைந்து மறுபடி சேர்ந்தார். வாயசைத்து எதையோ கத்தினார், கேட்கவில்லை. மேலே வந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். மூச்சு முட்டிச் செத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாராம்.

முப்பது வருடம் இருக்கும். அந்தக் காட்சி என்னிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

மழை நின்றிருக்க வேண்டும். வட்டங்கள் குறைந்தன. சற்று நேரத்தில் முற்றத்தைத் திறந்துவிட்டார்கள், விளிம்பில் தலைகள் முளைத்தன. ஒரு சின்னப் பெண், மஞ்சள் ரெயின்கோட்டு, குந்தி உட்கார்ந்து எங்களை எண்ணுவது மாதிரி விரல் நீட்டினாள். நான் கையாட்டினேன். அவள் உடம்பு இரண்டு துண்டாகி ஒன்றுசேர்ந்து அவளும் கையாட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், கோட்டு சூட்டுப் போட்டவர், சட்டென்று இரண்டு கையாலும் நீச்சல் அடிப்பது போல நாலு எட்டு நடந்து காட்டினார். மேலே அத்தனை பேரும் வாய் திறந்து சிரிப்பது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

சூட்சுமம் எனக்கு முழுக்கத் தெரியும். 10 சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு கண்ணாடி. ஆனால் வெளியே போகச் சொல்லும்வரை நான் போகவில்லை.

வெளியே வந்ததும் படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"ஏனுங்கப்பா, படம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. தண்ணி எத்தன அடி?"

"நாலு அங்குலந்தானுங்கப்பா."

"அதுக்கா டிக்கெட்டு?"

பேச்சு அதோடு விலைவாசிக்குப் போய்விட்டது. மழையன்றைக்கு நான் கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. முதுகில் வைத்தது அவருக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு வேண்டியது அதுவல்ல.

இருட்டுக்கு முன்னால் இன்னொரு அறைக்குப் போனேன். இது இலவசச் சுற்றிலேயே இருக்கிறது, ஊர்க்காரர்கள் 'டரெல் அறை' என்கிறார்கள். ஜேம்ஸ் டரெல் அமெரிக்கர், 1943இல் பிறந்தவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். அரிசோனாவில் ஒரு செத்த எரிமலை வாயையே வாங்கி, பல பத்தாண்டுகளாக அதற்குள் வானம் பார்க்க அறை குடைந்துகொண்டிருக்கிறார். இங்கே செய்திருப்பது சின்ன வேலை. உயரமான காலி அறை, சுவரோரம் சுற்றிலும் உட்காரக் கல் மேடை, கூரையில் ஒரு சதுரத் திறப்பு. கண்ணாடி இல்லை, வெறும் திறப்பு. மழை பெய்தால் நடுத்தரை நனையும், நனைந்திருந்தது. ஃபிட்டர் புத்தி விடுமா, திறப்பின் விளிம்பைப் பார்த்தேன். கூரைக்கு ஒரு கனம் இருக்க வேண்டுமே, அது தெரியவில்லை. விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவிக் கத்தி முனை மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். கனம் தெரியாததால் வானம் தூரத்தில் இருப்பதாகக் கண்ணுக்குப் படவில்லை. கூரையில் ஒட்டின சாம்பல் நிறத் துணி போல, சதுரமாக, பக்கத்தில் இருந்தது.

இதுவும் கிணறுதான். ஆனால் வேறு கிணறு.

நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம் எங்கள் கிணறு முழுக்க வற்றிப்போனது. தூர் வார ஆள் இறக்கினார்கள். கூலி மிச்சம் என்று நானும் இறங்கினேன். அதுவரை மீனாக மட்டுமே இருந்த இடத்தில் அன்றைக்குச் செருப்புக் காலோடு நின்றேன். சேறுகூட இல்லை, காய்ந்து வெடித்த மண். மேலே அண்ணாந்தால் சதுர வானம். கிணற்றுத் தவளை என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அந்தத் தவளைக்கு வானம் சதுரம் என்பதில் சந்தேகமே இருக்காது, அதன் நாலு ஓரமும் அதற்குப் பாடம். அன்றைக்கு வாளியில் மண் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் நின்று பார்க்க நேரமில்லை. அப்பா மேலே விளிம்பில் நின்று கயிற்றை இழுத்தார். இந்தமுறை அவர் நெளியவில்லை, உடையவில்லை. கத்தியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. அந்தக் கிணற்றில் அப்புறம் மழைக்காலத்தில் கொஞ்சம் ஊறும், மாசியில் வற்றும். யாரும் நீந்துகிற ஆழத்துக்கு அது வந்ததில்லை. என் மகனுக்கு நீச்சல் தெரியாது.

கனசாவாவில் கல் மேடையில் உட்கார்ந்து சதுரத்தைப் பார்த்தேன். சாம்பல், ஈயம், அப்புறம் ஒரு பத்து நிமிடம் யாரும் எதிர்பார்க்காத அடர் நீலம், அப்புறம் கறுப்பு. கூட ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தான், பள்ளிக்கூடப் பையை முதுகுக்கு அண்டைக் கொடுத்து. தினமும் வருகிறவன் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

அந்தக் குளத்தையும் அறையையும் நான் சரியான நேரத்தில் பார்த்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊர் திரும்பி ஒரு மாதம் சொச்சத்தில், 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். இஷிகாவா மாகாணத்தின் வடகோடி அது. கனசாவாவும் குலுங்கியது. அருங்காட்சியகத்தில் காட்சி அறைகளின் கண்ணாடி மேற்கூரைத் தகடுகள் விழுந்து, மாதக்கணக்கில் அந்தப் பகுதியை மூடி வைத்தார்கள். செய்தி வந்த அன்று மூத்தவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினேன். மறுநாள் ஒரு குடைப் படம் மட்டும் அனுப்பினார். நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். அண்ணனை எழுப்பி வெளியே கூட்டி வந்தேன். புல்வெளியில் ஆங்காங்கே தரையிலிருந்து முளைத்த மாதிரி நாதஸ்வர அணசு போல வாய் விரிந்த குழாய்கள். மொத்தம் 12. இரண்டிரண்டு குழாய் மண்ணுக்கடியில் இணைந்திருக்கிறது. ஆனால் பக்கத்துக் குழாயோடுதான் இணைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஒன்றில் பேசினால் வேறெங்கோ ஒன்றில் கேட்கும். இதைச் சொன்னதும், சேர் போதும் என்று உட்கார்ந்துவிட்டவருக்கு உயிர் வந்துவிட்டது. லைன் டெஸ்ட் பண்ணுவது அவர் தொழிலல்லவா! "நீ ஒவ்வொண்ணா காது வெச்சுட்டே வா, நான் இங்கிருந்து கத்தறேன்" என்றார். ஈரப் புல்லில் ஒவ்வொரு குழாயாக ஓடினேன். நாலாவது குழாயில், "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று பல்லடம் பேசியது. நான் பதில் சொல்வதற்குள் எங்கிருந்தோ ஒரு குழந்தை ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு அந்தக் குழாய்க்குள் ஜப்பானியத்தில் ஏதோ கத்தியது. தூரத்தில் அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ங்ஙா?" என்றார். குழந்தையும் "ங்ஙா?" என்றது. பத்து நிமிடம் இரண்டு பேரும் அதே ஒரு வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலேயே ஒலாஃபர் எலியாசன் செய்த வண்ணக் கண்ணாடி வீடு. நீலம், செஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று வளைந்த கண்ணாடிச் சுவர்கள், நடுவில் ஒரு விளக்கு. ஒன்றின்மேல் ஒன்று படும் இடத்தில் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும். பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் மையைக் கலக்கிப் பார்ப்பது வேறு, கலவைக்குள் நடந்து போய் அடுத்த பக்கம் வருவது வேறு. அண்ணன் முகம் பச்சையாக இருந்தது. என் முகம் என்ன நிறம் என்று அவர் சொல்லவில்லை, சிரித்தார்.

திங்கட்கிழமை காலை தறிக்கூடம். சப் நாசில் டைமிங் பாடம். மூத்தவர் ஸ்ட்ரோப் லைட்டை என் கையில் கொடுத்து, தறி சுற்றும் ஒவ்வொரு கோணத்திலும் நூல் நுனி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். தறியை ஓட்டினோம். கோணத்தை வைத்து லைட்டைப் பாவுக்கு நடுவே காட்டினேன். நூல் நின்றது.

அகலத்தில் முக்கால் தூரம் வந்து, நுனி பாம்புத் தலை போலக் கொஞ்சம் தூக்கி, லேசாக நடுங்கிக்கொண்டு, அந்தரத்தில். அதன் பிசிறுகூடத் தெரிந்தது. பின்னால் நூல் ஒரு சின்ன அலையாக வளைந்து கிடந்தது. ஒரு நூல் அல்ல அது. வினாடிக்குப் பத்து நூல், ஒன்று போனபின் ஒன்று, அதே இடத்தில் வந்து வந்து எனக்குத் தலைகாட்டிவிட்டுப் போகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும் நூல் ஏற்கெனவே துணியாகிவிட்டது.

கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தறியைப் பார்த்தார், ஏதோ கோளாறு என்று நினைத்துப் பக்கத்தில் வந்து குனிந்தார். பேனல் பக்கம் இருந்த அண்ணனும் வந்துவிட்டார்.

"என்ன தம்பி, நாசில் ஏதாவது பிந்துதா?"

"இல்லீங்கண்ணா. சும்மா பாருங்க."

பார்த்தார்.

"இதத்தான் தெனமும் பாக்கறமே" என்றார். ஆனால் நிமிரவில்லை.